கால் கிராம் கம்பியும் மூன்றரைக் கிலோ மரமும்

திருவொற்றியூர்க்காரர்களுக்கு மரத்துக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தியாகராஜரின் நேர்ச் சீடர் வீணை குப்பய்யரின் ஊர் அது. தியாகராஜர் அங்கே வந்தபோது வடிவுடையம்மன் மீது பாடிய கிருதிகளுக்குத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்றே பெயர். அந்தக் காலத்து வீணையும் சரி, இன்று தஞ்சாவூரில் செய்யும் வீணையும் சரி, பலா மரத்தில்தான் செய்யப்படுகின்றன. குடத்தைக் குடைந்து, மேலே மெல்லிய பலகை பொருத்தி, அதன்மேல் குதிரையை நிறுத்துவார்கள். கம்பி அதிர்ந்தால் குதிரை அதிரும், குதிரை பலகையை அசைக்கும், பலகை காற்றை அசைக்கும். வெறும் கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர அதைத் தள்ளாது. அத்தனை மெல்லியது அது. ஆகவே வீணையின் குரல் என்று நாம் கேட்பது மரத்தின் குரல்தான். முதிர்ந்த பலாவுக்கும் இளம் பலாவுக்கும், ஒரே மரத்தில் குடைந்த வீணைக்கும் ஒட்டுப்போட்ட வீணைக்கும் விலை வேறு என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த அறிவை அப்படியே தூக்கிக்கொண்டு எலெக்ட்ரிக் கிடார் கடைக்குப் போனால்தான் சிக்கல்.

திருவொற்றியூரிலிருந்து வடக்கே விம்கோ நகரைத் தாண்டினால் எர்ணாவூர். அங்கே ஒரு பையன் கிடார் வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கடையில் ஒரே வடிவத்தில், ஒரே நிறத்தில் இரண்டு கிடார்கள் தொங்குகின்றன. ஒன்று பன்னிரண்டாயிரம் ரூபாய், மற்றது இரண்டு லட்சம். "ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் மரத்தைப் பற்றியதாகவே இருக்கும். "தம்பி, அது ஆல்டர். இது என்னன்னே சொல்ல முடியாத மரம். மரம் பேசணும்ல?" உலகம் முழுவதும் கிடார் கடைகளில் இந்த உரையாடல் வெவ்வேறு மொழிகளில் நடந்துகொண்டிருக்கிறது.

எலெக்ட்ரிக் கிடாரில் மரம் பேசுவதில்லை. பேசினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் மட்டுமே. செம்பின் தடிமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று இருக்கும். காந்தத்தின் மேலே எஃகுக் கம்பி அசையும்போது காந்தப்புலம் குலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதி. எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ராட்சத ஜெனரேட்டர்கள் இத்தனை காலம் செய்ததும் இதையேதான். பிக்கப்புக்கு எஃகின் அசைவு மட்டுமே தெரியும். நைலான் கம்பி மாட்டி வாசித்தால் அது எதையுமே தெரிவிக்காது. மரத்தின் மணம், வயது, நாடு எதுவும் அதன் கணக்கில் வராது.

கம்பி அசையும்போது மரமும் கொஞ்சம் அசையாதா, அந்த அசைவு கம்பியைப் பாதிக்காதா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிடாரின் மெல்லிய முதல் கம்பி கால் மில்லிமீட்டர் தடிமன், 65 சென்டிமீட்டர் நீளம். எஃகின் அடர்த்தியால் பெருக்கினால் அதன் எடை சுமார் கால் கிராம். கிடார் முழுவதுமாக மூன்றரைக் கிலோ. பதின்மூன்றாயிரம் மடங்குக்கும் மேல். கால் கிராம் அசைந்து மூன்றரைக் கிலோவை எவ்வளவு அசைத்துவிடும்? ஆற்றலில் பெரும்பகுதி கம்பியிலேயே தங்குகிறது. வீணைக்காரர் மரத்திடம் எதிர்பார்ப்பதற்கு இது நேர் எதிர். வீணையில் மரம் கம்பியின் ஆற்றலை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். கையிலிருக்கும் பணத்தைத் தாராளமாகச் செலவழிப்பவனின் பை சீக்கிரம் காலியாவதுபோல, நன்றாக ஒலிக்கும் பெட்டி உள்ள கருவியில் சுரம் சீக்கிரம் அணையும். எலெக்ட்ரிக் கிடாரின் திடமான உடல் கஞ்சன். அதனால்தான் அதில் ஒரு சுரம் நீண்டு நிற்கிறது.

இந்தக் கஞ்சத்தனத்தின் அருமையை உலகத்துக்கே காட்டியவர்களில் ஒருவர் சென்னையில் வாழ்ந்தார். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது சாதாரண மாண்டலின் அல்ல. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கட்டிய மரப்பெட்டி மாண்டலினில் தட்டிய சுரம் டக்கென்று அணைந்துவிடும். கமகம் பிடிப்பதற்குள் ஒலியே இருக்காது. அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின், அதில் ஐந்தே ஒற்றைக் கம்பிகள். ஒரே தட்டலில் கம்பியை இழுத்து, வழுக்கி, அடுத்தடுத்த சுரங்களைத் தொட அவகாசம் கிடைத்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்து, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக இசை வாசிப்பதற்கும் அடிப்படை இதுவே. இவர்கள் வாசித்த கருவியில் மரம் எவ்வளவு குறைவாக ஒலித்ததோ அவ்வளவுக்கு அவர்களுக்கு வசதி.

வரலாற்றைப் பார்த்தாலும் மரத்துக்கு இங்கே பெரிய மரியாதை கிடைக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்ற முதல் வெற்றிகரமான எலெக்ட்ரிக் கிடார் வார்த்தெடுத்த அலுமினியம். அதன் தோற்றத்தால் வறுவல் சட்டி என்றே பெயர் வாங்கியது. 1940 வாக்கில் கிடார் கலைஞர் லெஸ் பால் ஒரு பைன் மரக் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். பார்ப்பவர்களுக்கு அது கிடாராகவே தெரியவில்லை. ஒரு பழைய கிடாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் சிறகுபோல ஒட்டினார். ஒலிக்காக அல்ல, கண்ணுக்காக.

ஆனாலும் மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு மூடநம்பிக்கை. ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷரும் டில்மன் ஸ்விக்கரும் 1990களில் கிடாரின் கழுத்து எப்படி அதிர்கிறது என்று அளந்தார்கள். கழுத்து என்பது நீண்ட, மெல்லிய பலகை. அதற்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. வாசிக்கும் சுரம் தற்செயலாக அந்த அதிர்வெண்ணில் விழுந்தால் கழுத்து கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும், சுரம் பாதியில் செத்துவிடும். வாசிப்பவர்கள் இதைச் செத்த இடம் என்பார்கள். விலை உயர்ந்த பேஸ் கிடார்களிலும் உண்டு, மலிவானவற்றிலும் உண்டு. ஆக மரம் செய்யும் காரியம் எடுத்துக்கொள்வது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. எங்கே எடுக்கும் என்பதை விலைச்சீட்டு சொல்லாது.

காதை நம்பலாமே என்றால், கண்ணைக் கட்டிய பிறகு நம்பலாம். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஆறு அகௌஸ்டிக் கிடார்களை ஒரே மாதிரி செய்ய வைத்தது. முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரம், அதில் மிக விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் ஒன்று. 52 கிடார் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கிய அறையில் வாசிக்கச் சொன்னார்கள். மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எது எது என்று பிரித்துச் சொல்லவும் பெரும்பாலோருக்கு முடியவில்லை. அதுவும் மரமே பேசும் கருவியில்! எலெக்ட்ரிக்கில் நாஷ்வில் கிடார் கலைஞர் ஜிம் லில் இன்னும் ஒரு படி மேலே போனார். பணிமேசையோடு கம்பிகளை இழுத்துக் கட்டி, அடியில் பிக்கப்பைப் பொருத்தினார். கிடாரின் உடலே இல்லை. பிக்கப் இருக்கும் இடம், அதற்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி, கம்பியின் நீளம் இவற்றை நல்ல கிடாரோடு பொருத்தியதும் பதிவான ஒலி கிட்டத்தட்ட அதே ஒலி. ஆய்வகச் சோதனை அல்ல. ஆனால் இயற்பியல் முன்பே சொன்னதை ஒட்டியே வந்தது.

பிக்கப் இருக்கும் இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? அதிரும் கம்பியில் சில இடங்கள் அதிகம் ஆடும், சில இடங்கள் ஆடாமல் நிற்கும். கம்பியின் நீளத்தில் கால் பங்கு தூரத்தில் பிக்கப்பை வைத்தால் அடிச்சுரத்தைப்போல் நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் அங்கே அசைவதே இல்லை; பிக்கப்புக்கு அது கேட்காது. ஒலியின் நிறம் மாறிவிடும். அடுத்தது, யாரும் கவனிக்காத கேபிள். பிக்கப் சுருளின் மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்கு திறனும் சேர்ந்து பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஒரு முகட்டை உண்டாக்குகின்றன. நீளமான கேபிள் போட்டால் அந்த முகடு கீழே இறங்கி ஒலி மந்தமாகும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். இதற்கெல்லாம் அப்பால் ஆம்ப்பின் ஸ்பீக்கர். 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெருமளவு விழுங்கிவிடும். மரத்தின் நுட்பம் என்று எதைச் சொன்னாலும் அது இந்த வாசல்களையெல்லாம் தாண்டித்தான் காதுக்கு வர வேண்டும். 2018இல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவைப் போல, கானாக் குரல்களும் தாளக் கருவிகளும் கிடாரும் சேர்ந்து முழங்கும் இசையில் ஆல்டரா பாப்லாரா என்று பிரித்துச் சொல்லும் காது யாருக்கும் இல்லை.

அப்படியானால் இரண்டு லட்சம் எதற்கு? எண்ணூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதன் பாதிப் பதில் தெரியும். லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்த இந்தப் பகுதியில் கடைசல் இயந்திரம் பார்க்காத தெரு குறைவு. அவர்களிடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால் அது எவ்வளவு பெரிய தப்பு என்று விளக்க வேண்டியதில்லை. 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிடாரில் முதல் ஃப்ரெட் (வீணையின் மெட்டுப் போன்றது) 36.4 மில்லிமீட்டரில் வரும். ஒவ்வோர் அடுத்த ஃப்ரெட்டும் எஞ்சிய நீளத்தை 1.0595ஆல் வகுத்து வைத்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் சுரம் ஏறக்குறைய 2.7 சென்ட் பிசகும். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஐந்து சென்ட் வரை பலருக்குப் பிடிபடாது. ஃப்ரெட் இடங்களைக் கையால் அறுத்த காலத்தில் மலிவுக் கிடார்கள் இதில்தான் மாட்டின. இன்று கணினி இயந்திரம் அறுக்கிறது. அது பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிடாருக்கு ஒரு கை, இரண்டு லட்சத்துக்கு ஒரு கை என்று வைத்திருப்பதில்லை. இந்தோனேசியாவில் கோர்ட் நிறுவனத்தின் ஆலையே பல பெரிய பெயர்களுக்குக் கிடார் செய்து தருகிறது.

இயந்திரம் செய்யாத வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. ஃப்ரெட்டுகளின் உச்சியைச் சமன்செய்து, ஓரங்களை உருட்டி, கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் வெட்டுகளைச் சரியான ஆழத்துக்கு அராவ வேண்டும். மனிதக் கைக்கு மணிக்கணக்கில் வேலை. மலிவுக் கிடாரில் வெட்டுவது இந்த மணிநேரத்தைத்தான். மேல்முனையில் கம்பி தேவைக்கு மேல் உயர்ந்து நின்றால், முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி இழுபட்டு சுரம் பத்து சென்ட்டுக்கு மேலும் ஏறிவிடும். சுருதி சேர்த்த கிடார் வாசித்தால் அபசுரமாக ஒலிக்கும்; பையன் தன் விரலைக் குறை சொல்லிக்கொள்வான். வீணைக்காரர்கள் இதில் நம்மைவிட விவரமானவர்கள். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை, நாளாக நாளாக நகரும். அவ்வப்போது ஆசாரியை அழைத்து மேளம் கட்டுவார்கள். மேளம் கட்டாத வீணையை எவ்வளவு உயர்ந்த பலாவில் செய்திருந்தாலும் யாரும் கச்சேரிக்கு எடுப்பதில்லை. கிடாருக்கு அதே வேலைக்குப் பெயர் செட்டப். ஒழுங்காகச் செய்தால், மலிவுக் கிடாருக்கும் விலையுயர்ந்ததற்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு ஒரே மாலையில் மறைந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எர்ணாவூரில் வேறு இரண்டு எதிரிகள் உண்டு. கிடார் பற்றிய வெளிநாட்டுப் புத்தகங்களில் இவற்றுக்கு இடம் குறைவு.

முதலாவது உப்பு. கடல் கிழக்கே பக்கத்திலேயே இருக்கிறது. காற்றில் வரும் உப்புத் துகள் கம்பியில் படிகிறது. விரல் வியர்வையும் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். சென்னைக் கடற்கரையோர இரவுகளில் இது சாதாரணம். அப்போது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம். துரு பிடித்த கம்பி அசிங்கமாக இருப்பது மட்டும் பிரச்சினை அல்ல. துரு ஒரே சீராகப் பிடிப்பதில்லை. கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறிவிடும். சீரற்ற கம்பியின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளில் நிற்காது. அதற்குப் பிறகு எந்தக் கிடாரையும் சுருதி சேர்க்க முடியாது. சுருதி சேர்க்கும் கீயில் குறை இருப்பதாக நினைத்துத் திருகிக்கொண்டே இருப்போம். ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, வெள்ளி துளியும் இல்லை. பச்சைக் களிம்பு பூத்தாலும் துடைத்தால் போகும். துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் இந்தக் காற்றுக்கு நல்லது, ஆனால் இரண்டு லட்ச ரூபாய்க் கிடார்களிலும் அது நிச்சயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் வேலை செய்யும் இடம் வேறு: கீயின் பற்சக்கரம், ஜாக், வால்யூம் திருகி. மலிவான ஜாக்கில் உப்பு ஏறினால் சில மாதத்திலேயே கரகரப்பு தொடங்கும்.

இரண்டாவது 50 ஹெர்ட்ஸ். பிக்கப் என்பது காந்தப்புல மாற்றத்தைப் பிடிக்கும் சுருள் என்று பார்த்தோம். கம்பியின் புலம், பக்கத்து வீட்டு மோட்டாரின் புலம் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. வீடுகள் நெருங்கி அடுக்கிய இடத்தில், சுவருக்கு அந்தப்பக்கம் ஓடும் மின்கம்பி, ட்யூப்லைட் சோக், எலெக்ட்ரானிக் விசிறி ரெகுலேட்டர் எல்லாமே அதற்குள் வந்து பாடும். ரெகுலேட்டர் மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டுவதால் அதன் இரைச்சல் ஊசிபோல் குத்தும். விசிறியை நிறுத்திவிட்டு வாசிப்பவர்கள் உண்டு, மே மாதத்திலும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் இதற்கொரு வழி செய்தார்: இரண்டு சுருள்கள், எதிரெதிர்த் திசையில் காந்தம், எதிரெதிர்த் திசையில் இணைப்பு. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்மறையாகி ஒன்றையொன்று அழிக்கும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஹம்பக்கர் என்ற அந்தப் பிக்கப் இன்று மலிவுக் கிடாரிலும் வருகிறது. எர்ணாவூரில் வாசிக்க, ஒற்றைச் சுருள் உள்ள இரண்டு லட்ச ரூபாய்க் கிடாரைவிட ஹம்பக்கர் உள்ள பதினைந்தாயிரம் ரூபாய்க் கிடார் அமைதியாக இருக்கும். கூடுதல் விலைக்கு எதிராக இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது.

கையால் செய்ததன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் பையன் ஒருவனிடம் போக வேண்டும். 1963இல் பிரையன் மே, ஃபெண்டர் கிடார் வாங்கப் பணம் இல்லாததால், அப்பாவோடு சேர்ந்து சொந்தமாகக் கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்து, ஒரு பழைய கணப்பு அடுப்புச் சட்டத்தின் மஹோகனி. அதில் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். கம்பிகளைத் தளர்த்தி இறுக்கும் பொறியில் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். விம்கோ என்ற தீக்குச்சி ஆலையின் பெயரில் ஒரு நகரும் என்ஃபீல்ட் ஆலையும் உள்ள நம் பகுதிக்காரர்கள் இந்தக் கிடாரை உரிமையோடு பார்க்கலாம். க்வீன் குழுவின் இசைத்தட்டுகளில் கேட்பது அதுதான். மே பிறகு 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். எதிர்முனையில், பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயார்க் கடையில் வாங்கிய சாதாரண ஆலைக் கிடார், கழுத்தும் பிக்கப்பும் பலமுறை மாறிய பிறகு, 2019 ஏலத்தில் சுமார் 40 லட்சம் டாலருக்குப் போனது. அதில் எத்தனை டாலர் மரத்துக்கு என்று ஏலக்காரரும் சொல்ல மாட்டார்.

மரத்தின் மீதான இந்த ஆசைக்கு நம் காடுகளும் விலை கொடுக்கின்றன. பெரும்பாலான கிடார்களின் விரற்பலகைக்கு விரும்பப்படும் இந்திய ரோஸ்வுட் நம் ஈட்டி மரம்தான். கூடலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். அதைக் காக்கத் தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டமே போட்டது. 2017இல் உலக வணிகத்திலும் ரோஸ்வுட் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஃபெண்டர் தன் மெக்சிகோக் கிடார்கள் பலவற்றில் வேறு மரத்துக்கு மாறியது. அதன் நிறம் பிடிக்கவில்லை என்றார்கள் பலர். 2019இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

பையன் கடையில் இன்னும் நிற்கிறான். அவன் செய்ய வேண்டியது: முதலில் ஆம்ப் இல்லாமல் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்ப்பது; எங்கே சுரம் சட்டென்று சாகிறது, எங்கே கம்பி ஃப்ரெட்டில் உரசிச் சலசலக்கிறது என்று. விரலைக் கழுத்தின் ஓரத்தில் ஓட்டினால் ஃப்ரெட் முனை கீறக் கூடாது. சுருதி சேர்த்துவிட்டு, கம்பிகளை இழுத்து வாசித்து, மறுபடி சுருதி பார்ப்பது. பட்ஜெட்டில் செட்டப்புக்கும் இரண்டு செட் கம்பிக்கும் நல்ல ஆம்ப்புக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் கிடார். கடைசியாக ஆம்ப்பில் மாட்டி வால்யூமை ஏற்றி, கம்பியைத் தொடாமல் இரைச்சலைக் கேட்க வேண்டும். பிறகு தொட வேண்டும். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கம்பிகளுக்கு எர்த் இணைப்பு சரி. கூடினால் உள்ளே ஏதோ ஒயர் மாறியிருக்கிறது. விலை எதுவானாலும் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். வீட்டு பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுவது இன்னும் முக்கியம். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில் என்று பாடுபவருக்கு ஷாக் அடித்தால் அது கிடாரின் விலையைப் பார்த்து அடிப்பதில்லை.